கண்ணைக் காட்டினால்தான் கதவு திறக்குமா?



சென்ற மாதம் பாடாங் செராய்ப் பக்கத்திலிருந்து ஒரு தாயார் நம்மைத் தேடி வந்தார். முப்பது வருஷம் பால்மரம் வெட்டியவர். அவருடைய மகள் கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். "ஐயா, இனிமேல் விரலை வைத்தால் போதாதாம், கண்ணைக் காட்டினால்தான் கதவு திறக்குமாம் என்று பிள்ளைகள் பேசிக்கொள்கிறார்கள். கண்ணைப் படம் பிடித்தால் பார்வை கெட்டுப்போகாதா? ஒரு நாள் அந்த யந்திரம் என் மகளைப் பார்த்து, நீ யாரென்று தெரியாது என்று சொல்லிவிட்டால் அன்றைய சம்பளம் என்ன ஆகும்?" என்று கேட்டார்.

முதற் கேள்விக்கு விஞ்ஞானம் பதில் சொல்லும். இரண்டாவது கேள்விக்கு விஞ்ஞானம் பதில் சொல்லாது. அதற்கு நிர்வாகம்தான் பதில் சொல்ல வேண்டும். அதைச் சொல்லும்படி நாம்தான் கேட்க வேண்டும்.

அந்தத் தாயாருக்கு யந்திரத்தோடு பழைய வழக்கு ஒன்று உண்டு. ஒரு கவுண்டரில் பெருவிரலை வைத்திருக்கிறார். யந்திரம் ஏற்கவில்லை. சேலையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்திருக்கிறார். ஏற்கவில்லை. "உங்கள் கையில் ரேகையே இல்லையே அம்மா" என்று அங்கிருந்த பையன் சிரித்தானாம். கத்தி பிடித்த கை, கோப்பையில் உறைந்த பாலைப் பிய்த்தெடுத்த கை, ஆசிட் பட்ட கை. ரேகை எங்கே போயிருக்கும்? ரப்பரோடு சேர்ந்து கப்பலேறிப் போயிருக்கும்! நாம் சிரிக்கவில்லை. இந்தப் பத்திரிகையைப் படிப்பவர்களில் எத்தனையோ பேருக்கு இதே கதைதான்.

ஆகவே, விரலை விட்டுக் கண்ணுக்குப் போகிறோம் என்று யாராவது சொன்னால், தோட்டத் தொழிலாளி எடுத்த எடுப்பிலே அதை எதிர்க்க வேண்டியதில்லை. அது என்ன வித்தை என்பதை முதலில் தெரிந்துகொள்வோம்.

கண்ணின் நடுவே கறுப்பாகத் தெரிவது பாவை. அது ஒரு துவாரம். அதைச் சுற்றி ஒரு வளையம் இருக்கிறது. வெயிலில் பாவையைச் சுருக்குவதும், இருட்டில் விரிப்பதும் அந்த வளையத்தின் வேலை. அதைத்தான் கருவிழி என்கிறார்கள். டாக்டர்கள் ஐரிஸ் என்பார்கள். யந்திரம் படம் பிடிப்பது இந்த வளையத்தை மட்டுமே. கண்ணுக்குப் பின்னாலுள்ள விழித்திரையைத் துளைத்துப் பார்க்கிறது என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். அது வேறு முறை, இது வேறு.

இந்த வளையத்தில் நார் நாராகவும், குழி குழியாகவும், சுருக்கம் சுருக்கமாகவும் ஒரு நெசவு இருக்கிறது. தாயின் வயிற்றில் மூன்றாம் மாதத்தில் அது உருவாகத் தொடங்கி, எட்டாம் மாதத்தில் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. நிறம் தாய் தகப்பன் வழியில் வருவது. நெசவு அப்படி அல்ல. அது வளரும்போது தற்செயலாக அமைவது. ஒட்டிப் பிறந்தாற்போன்ற இரட்டைப் பிள்ளைகளுக்கும் அது ஒன்றாக இராது. அவ்வளவு ஏன், நம்முடைய இடது கண்ணும் வலது கண்ணுமே ஒன்றுக்கொன்று அந்நியம்!

நம்மவர் கண் கறுப்பாயிற்றே, அதில் நெசவு எங்கே தெரியப்போகிறது என்று கேட்கலாம். நல்ல கேள்வி. வெள்ளைக்காரர் கண்ணைச் சாதாரணப் படத்திலேயே படித்துவிடலாம். நம் கண்ணிலுள்ள கருநிறம் சாதாரண வெளிச்சத்தை விழுங்கிவிடுகிறது. ஆனால் சிவப்புக்கும் அப்பாற்பட்ட, நம் பார்வைக்குத் தெரியாத ஒருவகை வெளிச்சம் உண்டு. டி.வி. ரிமோட்டிலிருந்து வருவதும் அந்த ஜாதி வெளிச்சந்தான். அதை மெதுவாகக் கண்மேல் விட்டால் கருநிறம் விலகி உள்ளே இருக்கும் நெசவு தெரிகிறது. அதனால்தான் கருவிழிக் கருவிகள் இந்த அகச்சிவப்பு வெளிச்சத்தைக் கையாளுகின்றன. இந்த வெளிச்சத்துக்குச் சர்வதேசப் பாதுகாப்பு அளவுகள் உண்டு. அந்த அளவுக்குள் செய்த கருவியால் பார்வை கெடாது. தாயாரின் முதற் கேள்விக்கு இதுதான் பதில்.

இனி, படம் எடுத்த பிறகு நடப்பது. இதைக் கிராணிமார் எல்லாரையும்விடச் சுலபமாகப் புரிந்துகொள்வார்கள். கம்ப்யூட்டர் முதலில் பாவையின் விளிம்பையும், வளையத்தின் வெளி விளிம்பையும் கண்டுபிடிக்கிறது. இமையும் இமைமயிரும் மறைத்த இடங்களைக் கணக்கிலிருந்து தள்ளிவிடுகிறது. வளையலை ஓரிடத்தில் வெட்டி நீட்டினாற்போல், வட்டமான கருவிழியை நீளமான பட்டையாக விரித்துக்கொள்கிறது. அந்தப் பட்டையைச் சிறு சிறு கட்டங்களாகப் பார்த்து, ஒவ்வோர் இடத்திலும் நெசவின் ஏற்ற இறக்கத்தைப் பற்றி இரண்டு கேள்விகள் கேட்கிறது. பதில் ஒன்று, அல்லது பூஜ்யம். ஆள் உண்டு, ஆள் இல்லை என்று செக்ரோலில் கோடு போடுகிறோமே, அதைப் போல. இப்படி 2,048 கட்டங்கள் கொண்ட ஒரு செக்ரோல் தயாராகிறது. அதுவே உங்கள் கண். படம்கூட வேண்டாம், அந்த ஒன்றும் பூஜ்யமும் போதும். இந்தக் கட்டுரையின் ஒரு பாராவுக்கு ஆகும் இடத்தைவிடக் குறைந்த இடத்தில் அது அடங்கிவிடும்.

மறுநாள் வாசலில் கண்ணைக் காட்டுகிறீர்கள். புதிய செக்ரோல் ஒன்று தயாராகிறது. பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, எத்தனை கட்டங்கள் மாறியிருக்கின்றன என்று கம்ப்யூட்டர் எண்ணுகிறது. இரண்டும் வெவ்வேறு ஆட்களின் கண்ணாக இருந்தால் காசைச் சுண்டிப் போட்டதுபோல, நூற்றுக்கு ஏறத்தாழ 50 கட்டங்கள் மாறியிருக்கும். ஒரே கண்ணாக இருந்தால் மிகக் குறைவாக மாறியிருக்கும். தலை சற்றுச் சாய்ந்திருந்தால் ஒரு செக்ரோலைச் சில கட்டங்கள் தள்ளி வைத்து மறுபடியும் எண்ணிப் பார்க்கும்.

கவனியுங்கள் தோழர்களே! ஒரே கண்ணானாலும் மாறிய கட்டங்கள் பூஜ்யமாக இருப்பதில்லை. வெளிச்சம், தூரம், கண்ணீர், அரைக்கண் மூடல் எல்லாம் சில கட்டங்களை மாற்றிவிடும். ஆகையால் யாராவது ஒருவர் ஒரு கோடு போட்டாக வேண்டும்: இதற்குக் கீழே மாறியிருந்தால் ஒரே ஆள், மேலே மாறியிருந்தால் வேறு ஆள் என்று.

இந்த முறைக்கு வழி வகுத்தவர்கள் லெனார்ட் ஃப்ளோம், ஆரன் சஃபிர் என்ற இரண்டு அமெரிக்கக் கண் டாக்டர்கள். 1987-ல் அவர்கள் பேடண்ட் வாங்கினார்கள். கணக்கை எழுதிக் காட்டியவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஜான் டாக்மன். 1993-ல் தமது முறையை வெளியிட்டு, 1994-ல் அமெரிக்காவில் பேடண்ட் பெற்றார். கோட்டைப் பற்றி அவர் போட்ட கணக்கை நாம் எல்லாரும் மனத்தில் வைக்க வேண்டும். நூற்றுக்கு 32 கட்டங்கள் என்று கோடு போட்டால், அந்நியர் ஒருவரை நீங்கள் என்று யந்திரம் தவறாக ஏற்பது 2 கோடியே 60 லட்சம் ஒப்பீட்டில் ஒரு தடவை. அதே கோட்டை 35-க்கு உயர்த்தினால் 1 லட்சத்து 33 ஆயிரத்தில் ஒரு தடவை. மூன்றே மூன்று கட்டங்கள்! கோட்டைத் தாழ்த்தினாலோ திருடன் நுழைவது இன்னும் அரிதாகும். ஆனால் சொந்த ஆளையே வெளியே நிறுத்திவிடுவது அதிகமாகும்.

ஆகவே, யந்திரம் உங்களைத் தெரியாது என்று சொல்லும்போது அது யந்திரத்தின் பேச்சல்ல. கோடு போட்ட மனிதனின் பேச்சு. அந்த மனிதன் யார், கோட்டை எங்கே போட்டான் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

இந்த முறையின் பலத்தை நாம் குறைத்துச் சொல்லவில்லை. 1984-ல் பாகிஸ்தானில் ஓர் அகதி முகாமில் ஸ்டீவ் மெக்கர்ரி என்பவர் ஓர் ஆப்கன் சிறுமியைப் படம் எடுத்தார். 1985 ஜூனில் நேஷனல் ஜியோகிராபிக் பத்திரிகையின் அட்டையில் வந்து உலகம் முழுவதும் சுற்றிய படம். பெயர் தெரியாது. 2002-ல் ஷர்பத் குலா என்ற பெண்மணியைக் கண்டுபிடித்து, இவர்தானா என்று டாக்மனிடம் கேட்டார்கள். பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒப்பிட்டார். ஒரு கண்ணில் நூற்றுக்கு 24, மறு கண்ணில் 31. இரண்டும் கோட்டுக்குக் கீழே. அவரேதான்! பதினெட்டு வருஷத்து அகதி வாழ்வும் வறுமையும் முகத்தை மாற்றியிருந்தன, கண்ணை மாற்றவில்லை. (அவருடைய கண் வெளிர்நிறக் கண், அதனால் சாதாரணப் படமே உதவிற்று.)

நம்மவர்கள் பலர் பிழைக்கப் போயிருக்கும் ஐக்கிய அரபு நாடுகளில், வெளியேற்றப்பட்டவர்கள் வேறு பெயரில் திரும்பி வருவதைத் தடுக்க விமான நிலையங்களிலும் துறைமுகங்களிலும் கருவிழிக் கருவிகளை வைத்தார்கள். அங்கே சேர்ந்த கண்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு டாக்மன் 2006-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில் 20,000 கோடி ஒப்பீடுகள் இருக்கின்றன. ஜோர்டான் நாட்டின் ஸாத்தாரி முகாமில் 2016-ல் சிரியா அகதிகள் கடையில் கண்ணைக் காட்டி ரொட்டி வாங்கத் தொடங்கினார்கள்.

ஆனாலும் அரபு நாட்டுக் கதையில் இன்னொரு பாதி உண்டு. திரும்பி வந்தவர்களில் சிலர் பாவையை விரியச் செய்யும் சொட்டு மருந்தைக் கண்ணில் விட்டுக்கொண்டு வந்தார்கள். பாவை விரிந்தால் வளையம் ஒடுங்கிப்போகும், செக்ரோல் மாறிப்போகும். அதிகாரிகள் அதைக் கண்டுபிடித்து, பாவை அளவுக்கு மீறி விரிந்திருக்கிறதா என்று பார்க்கவும் யந்திரத்துக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதாயிற்று. 2017-ல் ஜெர்மனியில் ஒரு கம்ப்யூட்டர் சங்கத்தார் சாம்சங் கம்பெனியின் புதுக் கைப்பேசியை ஏமாற்றிக் காட்டினார்கள். எப்படி? இருட்டில் படம் எடுக்கும் முறையில் ஒருவருடைய கண்ணைத் தூரத்திலிருந்து படம் எடுத்து, அச்சடித்து, அதன்மேல் ஒரு காண்டாக்ட் லென்ஸை வைத்துக் காட்டினார்கள். பூட்டு திறந்துவிட்டது. நல்ல கருவிகள் இப்போது உயிருள்ள கண்தானா என்றும் பார்க்கின்றன. மலிவுக் கருவி பார்க்குமா?

திருடனின் தந்திரம் கிடக்கட்டும். தொழிலாளியின் கண்ணைப் பற்றி யார் கவலைப்படுகிறார்கள்? வெயிலிலும் தூசியிலும் உழைப்பவர்களுக்குக் கண்ணின் வெள்ளைப் பகுதியிலிருந்து கருவிழிப் பக்கம் சதை வளர்ந்து வருவதுண்டு. வயதானவர்களுக்குப் புரை விழுகிறது; ஆபரேஷன் செய்கிறார்கள். விபத்தில் கண் அடிபடுகிறது. இவையெல்லாம் அந்த 2,048 கட்டங்களைக் கலைக்கக்கூடியவை. விரல் தேய்ந்ததற்குத் தொழிலாளி குற்றவாளி அல்ல என்றால், கண் நோய்க்கும் குற்றவாளி அல்ல.

இந்தியாவிலே இந்தப் பாடத்தைப் பெரிய அளவில் படித்தார்கள். 2010 செப்டம்பரில் மஹாராஷ்டிரத்தில் ஒரு கிராமத்தில் தொடங்கிய ஆதார் திட்டத்தில் பத்து விரல், இரண்டு கருவிழி, முகம் மூன்றையும் பதிந்தார்கள். உழைப்பாளி மக்களின் விரல் தேய்ந்துபோயிருக்கும், ஆகையால் கண்ணும் வேண்டும் என்பது அப்போதே சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. என்றாலும் ரேசன் கடைகளில் வைத்தது பெரும்பாலும் விரல் யந்திரத்தையே! விரல் ஒத்துப்போகாமல் அரிசி இல்லாமல் திரும்பிய கிழவர் கிழவிகளின் செய்தி எத்தனையோ வந்தது. தமிழ்நாட்டிலும் 2020-ல் ரேசன் கடைக்கு விரல்ரேகை வந்தது; முதியோர் படும் பாட்டைப் பார்த்துப் பிறகு கருவிழிக் கருவியையும் கொண்டு வந்தார்கள். 2018 செப்டம்பர் 26-ல் இந்திய உச்ச நீதிமன்றம் ஆதாரைச் செல்லும் என்று ஐந்தில் நான்கு நீதிபதிகளின் முடிவாகத் தீர்ப்பளித்தது. அப்போதும், யந்திரம் ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்காக உரியவருக்கு உதவி மறுக்கப்படக்கூடாது, வேறு வழியில் அவரை அடையாளம் காண வேண்டும் என்பதையும் அது சொல்லிற்று. இந்த ஒரு கருத்து நமக்குப் போதும்.

உடம்பிலுள்ள அடையாளத்தைக் கேட்பது தமிழ்த் தொழிலாளிக்குப் புதிதல்ல. விரல்ரேகையின் கதையில் நம் பக்கத்துக்கும் இடம் உண்டு: 1858-ல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வெள்ளைக்கார அதிகாரி ஓர் ஒப்பந்தக்காரரின் கையில் மை தடவி ஒப்பந்தத்தில் பதித்துக்கொண்டார். 1907-ல் தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில் ஆசியர்கள் விரல்ரேகை பதிய வேண்டும் என்று சட்டம் போட்டபோது காந்தியடிகளோடு நின்று சிறை சென்றவர்களில் தமிழர்கள் முன்வரிசை; தம்பி நாயுடுவின் பெயரை யார் மறப்பார்? அடுத்த ஆண்டு சமரசம் வந்தது. பலாத்காரமாக என்றால் தரமாட்டோம், நாமாக மனமொப்பித் தருவோம் என்றார் காந்தி. தம்மவர்களில் சிலருக்கே அது பிடிக்கவில்லை. பதியப் போகிற வழியில் அடிபட்டார். உடன் சென்ற தம்பி நாயுடுவுக்கும் அடி விழுந்தது. சர்க்கார் வாக்குத் தவறியது என்று கண்டபோது 1908 ஆகஸ்ட் 16-ல் ஜோஹானஸ்பர்க் மசூதி முன்னால் பதிவுச் சீட்டுகளைக் குவித்துக் கொளுத்தினார்கள். மை ஒன்றுதான்; விரல் ஒன்றுதான். மனமொப்பிக் கொடுத்ததா, பிடுங்கிக்கொண்டதா என்பதில்தான் சண்டை.

இந்நாட்டிலும் 1948-ல் அவசரகாலத்தில் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் படமும் பெருவிரல் ரேகையும் வைத்த அடையாளக் கார்டு வந்ததை முதியவர்கள் அறிவார்கள். 2001-ல் வந்த மைகார்டில் அந்த ரேகை சில்லுக்குள் புகுந்தது. ரேகை நம் பையிலுள்ள கார்டிலேயே இருக்கிறது என்பது கவனிக்கத்தக்க விஷயம். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறோம்.

இப்போது கூலிமுக்கு வருவோம். 1996-ல் திறக்கப்பட்ட ஹைடெக் பூங்கா நாட்டிலேயே இவ்வகையில் முதலாவது. ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த வட்டாரத்தில் இன்று இன்டெல், சில்டெர்ரா, இன்ஃபினியன் முதலான ஆலைகள் நிற்கின்றன. லூனாஸ், பாடாங் செராய், காராங்கான் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகள் விடியுமுன் பஸ் ஏறி அங்கே போகிறார்கள். சில்லு செய்யும் அறைக்குள் ஒரு தூசியும் போகக்கூடாது. ஆகவே தலை முதல் கால் வரை வெள்ளை அங்கி, கையுறை, வாய்மூடி. பெற்ற தாய் எதிரே நின்றாலும் பிள்ளையை அடையாளம் காணமாட்டாள். கண் மட்டுந்தான் வெளியே தெரியும். அப்படிப்பட்ட இடத்தில் விரலை வைக்கச் சொல்ல முடியாது; முகத்தைப் பார்க்க முடியாது. கருவிழியைப் பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. விலையுயர்ந்த சரக்கைக் காவல் காக்க ஆலைக்கு உரிமை உண்டு என்பதையும் நாம் மறுக்கவில்லை.

ஆனால் கதவைக் காப்பது வேறு, சம்பளத்தைக் கணக்கிடுவது வேறு. கதவுக்கென்று வைத்த யந்திரம் நாளடைவில் வருகைப் பதிவாகும். வருகைப் பதிவு சம்பளக் கணக்காகும். தேநீருக்கு எழுந்து போனதும், கக்கூசுக்குப் போனதும் அதில் ஏறும். ஆலையில் இன்று வந்தது தோட்டத்துப் பிரட்டுக் களத்துக்கு நாளை வராது என்று யார் சொன்னது? அன்று பெரிய கிராணியார் பெயர் கூப்பிட்டபோது, "மாரியாயி பிள்ளைக்குக் காய்ச்சல், பிந்தி வருவாள்" என்று பக்கத்து நிரைக்காரி குரல் கொடுப்பாள். கிராணியாரும் எழுதிக்கொள்வார். (எழுதாத கிராணியாரும் இருந்தார், அவரைப் பற்றி இங்கே வேண்டாம்.) யந்திரத்திடம் யார் குரல் கொடுப்பது?

1955-ம் ஆண்டு வேலைச் சட்டப்படி சம்பளக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் சம்பளம் கொடுபட வேண்டும். கருவி கண்ணைக் கண்டுகொள்ளவில்லை என்பது அந்தச் சட்டத்தில் உள்ள சாக்கு அல்ல. உழைத்தவன் உழைத்தான், கூட வேலை செய்தவர்கள் சாட்சி, சூப்பர்வைசர் சாட்சி. ஆகையால் எந்த ஆலையானாலும் தோட்டமானாலும், கண் யந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு புத்தகமும் ஓர் ஆளும் இருக்க வேண்டும். யந்திரம் மறுத்தால் அந்த ஆள் அந்தப் புத்தகத்தில் அந்த நிமிஷமே எழுத வேண்டும். மறுத்த கணக்கு மாதந்தோறும் சங்கத்துக்குக் காட்டப்பட வேண்டும். ஒரே ஆளை அடிக்கடி மறுத்தால் அவரைக் கண் டாக்டரிடம் அனுப்ப வேண்டுமே ஒழிய, எச்சரிக்கைக் கடிதம் அனுப்பக்கூடாது.

இன்னொன்று. சாவி தொலைந்தால் பூட்டை மாற்றலாம். ரகசிய எண் வெளியானால் வேறு எண் வைக்கலாம். கண்ணின் கணக்கு களவுபோனால் எந்தக் கடையில் புதுக் கண் வாங்குவது? விரலாவது பத்து; கண் இரண்டே. ஆகவே அந்தச் செக்ரோல் எங்கே வைக்கப்படுகிறது என்பதை முதலில் கேட்க வேண்டும். தொழிலாளியின் கையிலுள்ள கார்டில் வைத்து, வாசலில் கார்டையும் கண்ணையும் ஒப்பிட்டால் போதும் என்பது நம் அபிப்பிராயம். மைகார்டு அந்த வழியைக் காட்டியிருக்கிறது. எல்லாருடைய கண்ணையும் ஒரே பெட்டியில் குவித்து வைப்பதானால், பெட்டிக்குச் சொந்தக்காரர் யார், கம்பெனியா, யந்திரம் விற்ற கான்ட்ராக்டரா, வேலையை விட்டுப் போன பிறகு அது எப்போது அழிக்கப்படும் என்று எழுத்தில் தரவேண்டும்.

இதற்குச் சட்டத்தின் துணையும் உண்டு. 2010-ம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2024-ல் திருத்தப்பட்டபோது, உடம்பை அளந்தெடுத்த தரவுகளும் நுண்ணுணர்வுத் தரவு வகையில் சேர்க்கப்பட்டன. திருத்தம் 2025-ல் நடப்புக்கு வந்தது. சில விதிவிலக்குகள் போக, இவ்வகைத் தரவைக் கையாள ஆளின் வெளிப்படையான சம்மதம் வேண்டும். சர்க்கார் இலாகாக்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்பது ஒரு குறை. கம்பெனிகளுக்குப் பொருந்தும். வேலைக்குச் சேரும் நாளில் முப்பது காகிதத்துக்கு நடுவே ஒரு காகிதத்தைத் தள்ளி, இங்கே கையெழுத்துப் போடு என்றால் அது சம்மதமா? அந்தக் காகிதத்தை நம் பிள்ளைகள் படித்துவிட்டுப் போடட்டும். ஒரு பிரதி கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டு வரட்டும். வங்காளத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்திருக்கும் தோழர்களுக்கு அதைப் படிக்கவே தெரியாது; அவர்களுக்கு அவர்கள் பாஷையில் சொல்லும்படி கேட்பதும் நம் வேலைதான்.

அந்தத் தாயாரிடம் இவ்வளவையும் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். "அப்படியானால் அந்தப் புத்தகமும் ஆளும் இருக்கிறதா என்று மகளைப் பார்த்துவரச் சொல்கிறேன்" என்று எழுந்து போனார். மற்றத் தோழர்களும் அவ்வாறே பார்த்து எழுதுங்கள்: உங்கள் வேலையிடத்தில் விரல் யந்திரமா, கண் யந்திரமா, மறுத்தால் என்ன செய்கிறார்கள், யார் எழுதுகிறார்கள், அந்த நாள் சம்பளம் வந்ததா. பெயர் போட விருப்பமில்லாவிட்டால் போட வேண்டாம்.